ஏக்கர் கூடியது, அந்தர் குறைந்தது

கண்டி ஏரிக்கரையிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் பாதை இந்த ஊரோடு முடிவதில்லை. தலாத்துஓயாவைத் தொட்டு, ஹேவாஹெட்ட மலைகளுக்குள் நுழைந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டத்தின் பக்கம் போகிறது. அம்பிட்டிய என்றால் வெளியூர்க்காரருக்கு 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோவின் காலத்தில் தொடங்கிய குருமடம் நினைவுக்கு வரும். எனக்கு இந்தப் பாதையால் மலைக்குப் போன காசும், திரும்பி வராமற்போன காசுந்தான் நினைவுக்கு வரும். அப்பா தலாத்துஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்து ஓய்வு பெற்றவன்.

என்னிடம் படித்தவர்கள் இன்று கொழும்பிலும் டுபாயிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். போனிலேயே பங்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “சேர், இந்தக் கம்பனி இன்னும் லாபம் காட்டேல்ல. ஆனா விற்பனை வருசா வருசம் கூடிக்கொண்டு போகுது. வாங்கலாமா?” இந்தக் கேள்வியை இதே மலைகள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டுவிட்டன. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஆகவே நான் அவர்களுக்குக் கோப்பிக் காலத்தின் கதையைச் சொல்வேன்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டிப் பாதையை முடித்ததோடு, பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தானே கோப்பித் தோட்டமும் போட்டார். பெரிய ஓட்டம் தொடங்கியது அடுத்த பத்தாண்டில். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கான பிரித்தானியத் தீர்வை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாக இறக்கப்பட்டது. ஜமேக்காவில் தொழில் பழகிய ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் வந்து, கோப்பியை முறையாக நட்டுப் பராமரிக்கும் விதத்தைக் காட்டினார். காட்டு நிலம் ஏக்கர் 5 ஷில்லிங். 1841இல் மட்டும் 78,000 ஏக்கருக்கு மேல் முடிக்குரிய நிலம் விற்கப்பட்டது.

வாங்கியவர்கள் யார்? மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சிவில் அதிகாரி ஜோர்ஜ் டர்னர் வாங்கினார். பிரதம நீதியரசர் அந்தனி ஒலிபன்ட் தோட்டம் வைத்திருந்தார். படை அதிகாரிகள், நீதவான்கள், பாதிரிமார், இந்தியாவிலிருந்து விடுப்பில் வந்த கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர் எல்லோரும் வாங்கினார்கள். நிலத்தை விற்கும் அரசாங்கத்தின் உத்தியோகத்தரே நிலத்தை வாங்குபவராகவும் இருந்தார்கள். 1844இல் ஏக்கரின் குறைந்த விலை ஒரு பவுணாக உயர்ந்தது. அந்தக் காலத்திலேதான் உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருக்கக்கூடாது என்ற உத்தரவும் இலண்டனிலிருந்து வந்தது. அதற்குள் காடு கைமாறிவிட்டது.

கோப்பிக் கன்று நட்ட மறுநாள் காசு தராது. முதற் காய்ப்புக்கு மூன்று வருடம் போகும், நிறைவான காய்ப்புக்கு அதற்கும் மேலே. அதுவரை காடு வெட்டவும், எரிக்கவும், குழி தோண்டவும், லயம் கட்டவும், அரிசி இறக்கவும் காசு போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காசைக் கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனிகள் முற்பணமாகக் கொடுத்தன. அவை வராத அறுவடையைக் காட்டி இலண்டனில் கடன் வாங்கின. ஆக, இலாபம் காட்டாத தோட்டம் ஒன்று உயிரோடு இருப்பது மண்ணைப் பொறுத்ததல்ல, இலண்டனில் அடுத்த தவணைக் கடனைப் புதுப்பிக்க ஒருவர் தயாராக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கம்பனி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அதற்குப் பிறகு. கையில் இருக்கிற காசு இந்தச் செலவுக்கு எத்தனை மாதம் தாங்கும், தாங்காவிட்டால் யாரிடம் போய் நிற்கும், அவர் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

1847இல் பிரித்தானியாவில் பண நெருக்கடி வந்தது. அதற்கு முன்பே வெளிநாட்டுக் கோப்பிக்கு எதிராக இருந்த தீர்வைப் பாதுகாப்பு குறைந்து, ஜாவாவும் பிரேசிலும் இலண்டன் சந்தையில் நெருக்கத் தொடங்கியிருந்தன. 1844இல் நூறு ஷில்லிங் வரை போன அந்தர் ஒன்றின் விலை, 1849 ஆகும்போது பாதிக்கும் கீழே இறங்கியது. ஏஜென்சிக் கம்பனிகள் முற்பணத்தை நிறுத்தின. பல ஆயிரம் பவுண் விழுங்கிய தோட்டங்கள் சில நூறு பவுணுக்கு ஏலம் போயின, வாங்க ஆளில்லாதவை காடாகத் திரும்பின. வருமானம் இழந்த ஆளுநர் டொரிங்டனின் அரசாங்கம் புதிய வரிகளைப் போட்டது. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி கட்டச் சொன்னதற்குப் பின்னால் கோப்பி விலையும் நின்றது என்பதைப் பாடசாலை வரலாறு போதுமான அழுத்தத்தோடு சொல்வதில்லை.

அடுத்த காலகட்டத்தில்தான் கணக்கு படிக்கிறவனுக்குப் பாடம் நிறைய இருக்கிறது. 1854இல் கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் கூடியது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. தப்பிப் பிழைத்த தோட்டங்கள் கடன் குறைந்த நிலையில், பழகிய ஆட்களோடு, நல்ல காசு பார்த்தன. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆய்வாளர் பார்க்லி அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். மரம் உடனே சாகவில்லை. இலை கொட்டியது, மீண்டும் துளிர்த்தது. ஒரு வருடம் காய்த்தது, மறு வருடம் ஏய்த்தது. அதனால்தான் பத்து வருடம் யாரும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பத்து வருடத்தில் தோட்டங்கள் சுருங்கவில்லை, பெருகின. உலகச் சந்தையில் கோப்பி விலை பாதிக்கு மேல் உயர்ந்தது. பயிர் நிலம் 1878இல் ஏறத்தாழ 275,000 ஏக்கரைத் தொட்டது. ஆனால் ஏக்கருக்கு நாலு அந்தருக்கு மேல் வந்த விளைச்சல் ஏறத்தாழ இரண்டு அந்தருக்கு இறங்கியிருந்தது.

என் மாணவருக்குப் போட்டுக் காட்டும் ஒரு கணக்கை இங்கேயும் போடுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. 200 ஏக்கர் தோட்டம், ஏக்கருக்கு 4 அந்தர், அந்தர் 60 ஷில்லிங். 800 அந்தருக்கு வரவு 2,400 பவுண். ஏக்கருக்கு 8 பவுண் செலவென்றால் 1,600 போய் 800 பவுண் மிச்சம். நோய் வந்து விளைச்சல் இரண்டரை அந்தராகிறது. துரை 3,000 பவுண் கடன் வாங்கி இன்னும் 100 ஏக்கர் திறக்கிறார். விலை 100 ஷில்லிங். 300 ஏக்கரில் 750 அந்தர், வரவு 3,750 பவுண். விற்பனை பாதிக்கு மேல் கூடிவிட்டது! இலண்டனில் இருக்கும் பங்காளர் மகிழ்ந்துபோவார். ஆனால் எருவும் களையும் சேர்ந்து ஏக்கருக்கு 10 பவுண் ஆகிறது. 3,000 பவுண் செலவு, கடனுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 300 பவுண் வட்டி. மிச்சம் 450. இனி விலை 70 ஷில்லிங்குக்கு இறங்கட்டும். வரவு 2,625, செலவும் வட்டியும் 3,300. 675 பவுண் நட்டம். மண்ணில் ஒன்றும் புதிதாக நடக்கவில்லை, நடந்ததெல்லாம் விலை உயர்ந்திருந்த வருடங்களிலேயே நடந்து முடிந்துவிட்டது.

மொத்த விற்பனை கூடுகிறது என்று சொல்லும் எந்தக் கம்பனியையும் இந்த ஏக்கர் கணக்குக்கு இழுத்து வர வேண்டும். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து, ஒரு கடையிலிருந்து, ஒரு வாகனத்திலிருந்து என்ன மிஞ்சுகிறது? அது வருடா வருடம் கூடுகிறதா, குறைகிறதா? ஒன்றில் மிஞ்சுவது குறைந்துகொண்டே போக, எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் நோயுள்ள தோட்டத்தில் புது நிலம் திறந்த துரையின் கதைதான். விலை ஏறியதால் வந்த வளர்ச்சி வேறு, விளைச்சல் ஏறியதால் வந்த வளர்ச்சி வேறு. இரண்டும் ஒரே வரியில் ‘வருமானம்’ என்று நிற்கும்.

1878 ஒக்டோபரில் சிற்றி ஒஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது. ஸ்கொட்லாந்துக் காசில் நடந்த தோட்டங்களுக்குக் கடன் இறுகியது. பிரேசில் கோப்பி பெருகி விலை இறங்கியது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருடம் ஆராய்ந்து, நோய் பங்கசு வித்துகளால் பரவுகிறது என்பதைத் தெளிவாக நிறுவினார். மலை முழுக்க ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதே அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வழி திறந்தது. மருந்து கிடைக்கவில்லை. சிலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். கொயினா மரப்பட்டைக்கு அப்போது நல்ல விலை. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் பட்டை உரித்து அனுப்பினார்கள். ஜாவாவின் தரமான பட்டையும் சேர, சில வருடங்களில் அந்த விலையும் நொறுங்கியது.

பிறகு வங்கியின் முறை. ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1842இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் இலண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றி, 1851இல் அரச பட்டயம் பெற்றது. இலங்கையில் காகிதப் பணத்தை வெளியிட்ட வங்கி அது. வைப்பாளர் எந்த நேரமும் கேட்கக்கூடிய காசைக் கொண்டு, பல வருடம் பொறுத்தே திரும்பக்கூடிய கோப்பித் தோட்டங்களுக்கும் மொரிசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கும் ஈட்டுக் கடன் கொடுத்திருந்தது. கடன் திரும்பாதபோது தோட்டங்கள் வங்கியின் கையில் விழுந்தன. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. 1884 மே 3ஆம் திகதி வங்கி கதவை மூடியது. கண்டியிலும் கொழும்பிலும் சனங்களின் கையிலிருந்த நோட்டுகள் அன்று வெறும் கடதாசியாகியிருக்கும். ஆளுநர் ஆர்தர் கோர்டன் துணிந்து அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அந்த வருடமே காகித நாணயக் கட்டளைச் சட்டம் வந்து, 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. நம் பணத்தாளில் அரசின் பெயர் ஏறியதற்குக் காரணம் ஒரு கோப்பி நோய்.

இந்தக் கதையில் நோட்டு வைத்திருந்தவரைக் காப்பாற்ற ஆளுநர் இருந்தார். ஈட்டுக் கடன் கொடுத்தவருக்கு நிலமாவது இருந்தது. கடன் கொடுத்த மூன்றாவது ஒருவர் இருந்தார், அவரைப் பற்றித்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகம் பேச விரும்புகிறேன். இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். அம்மையிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவருக்குக் கூலி மாதக் கடைசியில் கிடைக்கவில்லை. பல மாதம் பிந்தியது. இடையில் அரிசிப் பற்று, கம்பளிப் பற்று, கங்காணி கொடுத்த வழிச் செலவு என்று அவர் பெயரில் கடன் ஏறியது. தோட்டம் அவருக்குக் கூலி பாக்கி வைத்திருந்தது. அவரோ தோட்டத்துக்குக் கடன்காரர் என்று துண்டு எழுதப்பட்டது. அந்தத் துண்டில் எழுதிய தொகையைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

கணக்கீட்டின் மொழியில் அது அட்டுறு கூலி. நடைமுறைப் பொறுப்புகளில் ஒரு வரி. ஆனால் அதன் பொருள் என்ன? இலாபம் காட்டாத தோட்டத்துக்கு வட்டியில்லாமல், ஈடில்லாமல் கடன் கொடுத்தவர் அந்தக் கூலிக்காரர். 1847இலும் 1880களிலும் துரை கைவிட்டுப் போனபோது பல மாதக் கூலியைப் பறிகொடுத்தவரும் அவரே. 1880களில் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டங்கள் கூலி பாக்கியைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாக்கின. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே, அதற்கு முன் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி. தோட்டத் துரைமார் எழுதிய புத்தகங்களில் முதலீட்டாளரின் நட்டம் பவுண் கணக்கில் கிடைக்கிறது. கூலி நட்டத்தை அப்படிக் கூட்டி எழுதிய ஒரு பக்கம்கூட நான் கண்டதில்லை. அப்பா சாயந்தரம் செக்றோல் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே பேர்க்கணக்கைச் சரிபார்ப்பார். ஒரு பேர் விடுபட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்று சொல்வார். அந்தப் பயம் ஒரு கணக்காளருக்கு இருக்க வேண்டிய பயம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

தேயிலை எப்படித் தப்பியது? டெய்லர் தோட்டத்தின் சொந்தக்காரரல்ல, சம்பளத்துக்கு வேலை செய்தவர். கோப்பி நன்றாக இருந்த காலத்திலேயே, ஒரு சிறு துண்டு நிலத்தில், பல வருடம் சோதித்துப் பார்த்தார். 1873இல் அவர் இலண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல். 1875இல் தீவு முழுக்கத் தேயிலை ஏறத்தாழ 1,000 ஏக்கர், 1890களின் நடுப்பகுதியில் 300,000 ஏக்கர். அந்த வளர்ச்சியை வாங்கக் கையில் காசு வைத்திருந்தவர்களே மிஞ்சினார்கள். 1890இல் வந்த தோமஸ் லிப்டன் விழுந்த விலைக்குத் தோட்டங்களை வாங்கினார். டெய்லர் 1892இல் வேலையை விட்டுப் போகச் சொல்லப்பட்ட நிலையில் இறந்தார். தொழிலாளர் அவரைத் தோளில் சுமந்துவந்து கண்டி மகியாவையில் அடக்கம் செய்தார்கள்.

1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. தேயிலைக் கம்பனிகளின் பங்குகள் கைமாறின. பிறகு இறப்பர் வந்தது. பால் வெட்ட ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டிய மரத்தை நம்பிக் கம்பனிகள் முளைத்தன. 1910 ஏப்ரலில் இலண்டனில் இறப்பர் இறாத்தல் 12 ஷில்லிங்கையும் தாண்டியது. 1914 ஆகும்போது 3 ஷில்லிங்குக்கும் கீழே. விளம்பரப் பத்திரங்களில் எழுதியிருந்த எதிர்கால இலாபம் உச்ச விலையில் போட்ட கணக்கு.

“அப்படியானால் இலாபமில்லாத கம்பனியைத் தொடவே கூடாதா, சேர்?” என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அமேசன் 2000ஆம் ஆண்டில் 140 கோடி டொலருக்கு மேல் நட்டம் காட்டியது. அதன் பங்கு 2001இல் உச்ச விலையில் பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. ஆனால் 2000 பெப்ரவரியில், சந்தை சரிவதற்குச் சற்று முன், அது ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் பத்திரம் விற்றுக் காசை உள்ளே எடுத்திருந்தது. அந்தக் காசு தாங்கியது, 2003இல் முதல் முழு வருட இலாபம் வந்தது. வீட்டுக்கு மளிகை கொண்டுபோன வெப்வான் கம்பனி, நகரத்துக்கு நகரம் பெரிய களஞ்சியம் கட்டிக் காசைத் தீர்த்துக்கொண்டு 2001 ஜூலையில் வங்குரோத்தானது. இரண்டும் வளர்ந்தன. ஒன்றுக்குக் காலம் மிஞ்சியது, மற்றதற்கு மிஞ்சவில்லை. கொழும்புச் சந்தையும் 2009இல் இருமடங்குக்கு மேலாகி, 2010இல் மீண்டும் ஏறத்தாழ இருமடங்காகி, தரகர் கொடுத்த கடனில் வாங்கியவர்களை 2011இல் தவிக்கவிட்டது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்குக் காத்திருக்க வழியில்லை. மூன்று வருடத்தில் காய்க்கும் பயிரை மூன்று மாதத் தவணைக் காசில் நட்டவரும் அப்படித்தான் நின்றார்.

என் மாணவருக்கும் இதை வாசிப்பவருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையைத் திறந்தால் தலைவரின் செய்தியைத் தாண்டிக் காசுப் பாய்ச்சல் கூற்றுக்குப் போங்கள். தொழிற்பாட்டில் எவ்வளவு காசு வெளியே போகிறது, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு என்று வகுத்துப் பாருங்கள். கடன் எந்த வருடம் முதிர்கிறது என்ற குறிப்பை வாசியுங்கள். ஒவ்வொரு வருடமும் புதுப் பங்கு வெளியிட்டு உங்கள் பங்கின் அளவைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். பிறகு இன்னும் ஒரு குறிப்பையும் தேடுங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் கிடக்கிறதா, பணிக்கொடை பாக்கி நிற்கிறதா, சம்பளம் பிந்துகிறதா? அரச தோட்டங்களின் சேமலாப நிதி பாக்கி பற்றி நம் பாராளுமன்றத்திலேயே பல முறை பேசியிருக்கிறார்கள். தொழிலாளியின் காசில் நாளைக் கடத்தும் கம்பனியில் உங்கள் காசைப் போடாதீர்கள்.